நைனா தூங்கும் நேரம்

பெங்களூர்
9 ஜூன் 1968

அன்புள்ள அக்காவுக்கு,

சித்தார்த்தன் எழுதுகிறேன். நீ எழுதி ரொம்ப நாளாகிறது. மாலாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், உங்கள் அக்காவுக்கு நம்மேல் கோபமா என்று. இல்லை, அவள் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வேலை உறுதியாகிவிட்டது. மனநலப் பிரிவில் ஆராய்ச்சி உதவியாளர். எங்கள் டாக்டரம்மா குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்குகிறார். வீட்டில் பெரிய விபத்தோ சாவோ நடந்தால் அங்கே வளரும் பிள்ளைக்கு உள்ளுக்குள் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். தூக்கம், படிப்பு, விளையாட்டு, பேச்சு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எந்த ஊரில் செய்வது என்ற பேச்சு வந்தபோது நான் வாயைத் திறந்துவிட்டேன். நம் கோலார் தங்கவயலை விட்டால் எனக்கு வேறு எது தெரியும்?

பிப்ரவரியில் நடந்த ஏர் பிளாஸ்டைப் பற்றிச் சொன்னேன். சுரங்கத்துக்கு அடியில் பாறை தானாக வெடித்துச் சரிவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று முதலில் விளக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு டிம்பர்மேன்கள் சிக்கியதையும், ஒருவர் நடந்து மேலே வந்ததையும், வேலு என்பவர் பிணமாக வந்ததையும் சொன்னேன். நடந்து வந்தவர் என் அக்கா வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

நீ ஒரு உதவி செய்ய வேண்டும். விபத்து நடந்த வீடுகளில் சிலவற்றை அறிமுகப்படுத்த வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விபத்தே தொடாத வீடுகளும் அதே அளவுக்கு வேண்டும். நீ டீச்சர். உன் பேச்சை எல்லாரும் கேட்பார்கள்.

இன்னொன்று. மே மாதம் அங்கே வந்திருந்தபோது விசாகாவைக் கவனித்தேன். தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தன் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "போய் ஆடு பாப்பா" என்றேன். "அப்புறமா போறேன் மாமா" என்றாள். நான் ஊருக்குக் கிளம்பும்வரை போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. அவளையும் டாக்டரம்மா ஒரு தடவை பார்க்கட்டுமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி
சித்தார்த்தன்


ஸ்கெலட்டன்
16 ஜூன் 1968

தம்பி சித்தார்த்தனுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

விபத்து நடந்த வீடுகளை நம் ஸ்கெலட்டன் குடியிருப்பு லைனிலேயே காட்டுகிறேன். பார்வதம்மா வருவாள். புருஷன் வேலு போனதிலிருந்து யார் எங்கே கூப்பிட்டாலும் வருகிறாள், எதற்கு என்று கேட்பதில்லை. தங்கவேலு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முந்தின ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்பது உனக்குத் தெரியும்.

தொடாத வீடும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை நீதான் வந்து தேட வேண்டும். நிலம் அதிர்ந்தால் எல்லார் வீட்டுப் பாத்திரமும்தான் விழுகிறது. எல்லாப் பெண்களும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாய்க்கு, ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுகிறோம். கேட்டில் நிற்கிற வரைக்கும் யாருடையது தொட்ட வீடு, யாருடையது தொடாத வீடு என்று யாருக்கும் தெரியாது. ஆட்களை ஏற்றி வரும் கேஜ் மேலே வந்த பிறகு தெரியும். அடுத்த முறை அதிரும்போது மறுபடியும் தெரியாது.

அன்றைக்கு நானும் பார்வதம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் உன் மாமா வந்தார். இரண்டு பேர் தாங்கிக்கொண்டாலும் தன் காலால் நடந்துதான் வந்தார். நான் பார்வதம்மாவின் கையை விடவில்லை. பிறகு ஸ்ட்ரெச்சர் வந்தது. அவள்தான் என் கையை விட்டாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் உனக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை. சோறு வடிக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். பௌர்ணமிக்குப் பௌத்த சங்கத்துக்குப் போய் மற்றவர்களோடு உட்காருகிறேன், வாய் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது.

உன் மாமாவை இனி கீழே அனுப்ப மாட்டார்களாம். மேலே மர யார்டில் லைட் டூட்டி. மத்தியானம் திரும்பிவிடுகிறார்.

விசாகாவுக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், சொன்னதைக் கேட்கிறாள். அழாத பிள்ளையை எதற்கு டாக்டருக்குக் காட்ட வேண்டும்? உன் ஆராய்ச்சிக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அக்கா
சுலோச்சனா


பெங்களூர்
11 ஆகஸ்ட் 1968

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் வந்து போனதிலிருந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். பார்வதம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். விசாகாவை நான் கூப்பிடவில்லை. பார்வதம்மா தன் இரண்டு பெண்களைக் கூட்டிவரும்போது அவளும் கூட வந்தாள். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு, ஆனாலும் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், மாமா யார்டில் இருந்தார். நான் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சங்கக் கூடத்தில் பிள்ளைகளைப் பாய்மேல் உட்கார வைத்து ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தோம். உங்கள் வீட்டையும் வீட்டில் இருப்பவர்களையும் வரையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அவருக்குக் கன்னடம்தான் சரளம், தமிழ் கொஞ்சம் வரும். எல்லாரும் வரைந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் நிலம் அதிர்ந்தது. பெரியது இல்லை, உனக்கு நினைவிருக்காது. ஜன்னல் கதவு மட்டும் படபடவென்று அடித்தது. டாக்டரம்மா எழுந்து சுவரோரம் போய்விட்டார். முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகளில் ஒருவர்கூட எழவில்லை. பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்தார்கள். ஊதவில்லை. பென்சில்கள் எல்லாம் மறுபடி தாளில் இறங்கின. பெரியவன் சின்னவன் எல்லாரும் ஒன்றுபோல். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், ஆனால் வெளியிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். தொடாத வீடுகள் என்ற பிரிவை அன்று சாயங்காலமே டாக்டரம்மா அடித்துவிட்டார். அதை எழுதினால் உனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விசாகா ஒரு வீடு வரைந்தாள். உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் மாமா. பக்கத்தில் அவள். அவ்வளவுதான்.

"அம்மா எங்கே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஸ்கூலுக்குப் போய்க்கீறாங்க."

"நீ என்ன பண்றே?"

"பாத்துகினு கீறேன்."

"எதை?"

அவள் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நைனா வர்ற நேரம், போவணும்" என்று எழுந்துவிட்டாள்.

அக்கா, அந்தப் படத்தில் நீ இல்லை என்பதற்கு நாமாக எதையும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் இதையும் சொன்னார்: "இந்தப் பெண் வீட்டில் குழந்தையாக இல்லை. ஏதோ ஒரு பெரிய ஆள் வேலையைச் செய்கிறாள். என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலம் அந்த வீட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது." அவள் எங்கள் வீட்டுக்கு வரட்டும். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். மாலா ஒப்புக்கொண்டுவிட்டாள். ஏப்ரல் பரீட்சை வரைக்கும்தான். யோசித்துச் சொல்.

சித்தார்த்தன்


ஸ்கெலட்டன்
25 ஆகஸ்ட் 1968

தம்பிக்கு,

என்னிடம் கேட்காமல் என் பிள்ளைக்குத் தாளும் பென்சிலும் கொடுத்தாய். அதற்குக் கோபப்பட வேண்டும் என்று தெரிகிறது. கோபம் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

படத்தில் நான் இல்லை என்பதில் அர்த்தம் பண்ணிக்கொள்ள என்ன இருக்கிறது? நான் வீட்டில் இருப்பதில்லை. பள்ளி விட்ட பிறகும் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வாட்ச்மேன் வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்கிறபோது எழுகிறேன். வீட்டுக்கு வந்தால் அவர் தூங்கி எழுந்து உட்கார்ந்திருப்பார். இவள் பாடம் படித்துக்கொண்டிருப்பாள். மூன்று பேரும் சாப்பிடுவோம். யாருக்கும் யார்மேலும் குறை இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. முழுவதும் கேட்டார். பாய் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அனுப்பிடு" என்றார்.

"பெத்த பிள்ளைய எதுக்கு இன்னொருத்தர் வீட்டுல வுடணும்?" என்றேன்.

"இங்க இன்னா கீது அவளுக்கு? அனுப்பிடு சுலோ."

"நீங்க அவளோட இருப்பீங்களே. அவள வுட்டா நீங்க யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசறது இல்ல."

பாயைச் சுருட்டி வைத்தார். பிறகு, "அதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கும் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் முயலவில்லை. விசாகாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அவர், "போய்ட்டு வா பாப்பா, மாமா வூட்ல நல்லா கீது" என்றார். சரி என்றாள். அழவில்லை. பாவாடை சட்டைகளை அவளே மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பம் வண்டியில் ஏற்றிவிடுகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு. பங்காருபேட்டையில் வண்டி மாற வேண்டும், பக்கத்து வீட்டு சரோஜம்மா பெங்களூர் வருகிறாள், கூட இருப்பாள்.

அவளுக்கு முருங்கைக்கீரை பிடிக்காது. ஆனால் போட்டால் சாப்பிட்டுவிடுவாள், அதனால் போடாதே.

சுலோச்சனா


பெங்களூர்
6 அக்டோபர் 1968

அன்புள்ள அக்காவுக்கு,

கவலைப்படாதே. விசாகா நன்றாக இருக்கிறாள். முதல் வாரங்களில் வீட்டிலிருந்து யாரும் வராமல் இருப்பது நல்லது, கடிதமும் குறைவாக இருக்கட்டும், அப்போதுதான் பிள்ளை புது இடத்தில் ஊன்றும் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் நானும் எழுதவில்லை.

பள்ளியில் அவளைப் பற்றி நல்ல பெயர். ஆஸ்பத்திரியில் அறிவுத்திறன் சோதனை செய்தோம், அவள் வயதுக்கு மேலே போய்விட்டாள். ஞாபகசக்தி அபாரம். வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்கிறாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கணக்கில் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது என்று மாலா கேட்கிறாள். டீச்சர் பெண் இல்லையா என்றேன்.

வெளியில் விளையாடப் போவதுதான் இன்னும் இல்லை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பெண்கள் கயிறு தாண்டக் கூப்பிடுகிறார்கள். வாசல்வரை போகிறாள், நிற்கிறாள், திரும்பிவிடுகிறாள். நாளாக ஆகச் சரியாகும் என்கிறார் டாக்டரம்மா.

ஒரு தடவை மட்டும் கேட்டாள், "நைனா பக்கத்துல யாரு மாமா கீறாங்க?" என்று. அம்மா இருக்கிறார்கள் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

மாமா எப்படி இருக்கிறார்?

சித்தார்த்தன்


ஸ்கெலட்டன்
20 அக்டோபர் 1968

தம்பிக்கு,

விசாகா நன்றாக இருப்பது தெரிந்தது. நல்லது.

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். அவர் தூங்குவதில்லை. கொஞ்சமும் இல்லை என்று சொல்ல முடியாது, உட்கார்ந்தபடியே தலை சாயும், உடனே யாரோ உலுக்கியது மாதிரி எழுந்துவிடுகிறார். மத்தியானம் டூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், நான் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். காலடியில் செருப்பு. கம்பெனி டாக்டர் மாத்திரை கொடுத்தார். விழுங்குகிறார். அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

போன வாரம் யார்டில் மரம் அறுக்கும் இடத்தில் நின்றுகொண்டே கண் சொக்கிப்போனாராம். சுந்தரராஜ் மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். மேஸ்திரி வீட்டுக்கே வந்து சொன்னார். "டீச்சரம்மா, பாலன் அடிபட்ட ஆளு, நான் இன்னா சொல்றது. இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா ரிப்போர்ட் எழுதித்தான் ஆவணும். அவர பாத்துக்குங்க." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவரிடம் கேட்டிருக்கலாம்.

பிள்ளை இருந்தபோது அவர் தினமும் நன்றாகத் தூங்கினார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சாயங்காலம் நான் வரும்போது முகம் தெளிவாக இருக்கும். பிள்ளையைப் பிரிந்த ஏக்கம் என்று பார்வதம்மா சொல்கிறாள். இருக்கும்.

நான் இன்னும் வகுப்பிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். திருத்த நோட்டு இல்லாவிட்டாலும்.

சுலோச்சனா


பெங்களூர்
3 நவம்பர் 1968

அக்கா,

ஏக்கம் இல்லை அக்கா, வேறு. நேற்று தெரிந்தது.

மாலாவுக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல். நேற்று மத்தியானம் நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். மாலா தூங்கிவிட்டாள். கண் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் விசாகா உட்கார்ந்து பதினாலாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாப்பாடு போட்டு வைத்தது அப்படியே இருக்கிறது. "சாப்பிடலியா பாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "நீங்க தூங்குங்க அத்தை. நான் பேசிகினே கீறேன், ஒண்ணும் ஆவாது" என்றாளாம். மாலா அவளை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, யார் உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஆய்வில் இத்தனை மாதமாக நாங்கள் கேட்காத கேள்வி. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கீழே மாட்டிக்கொண்டபோது வேலுவின் கால்மேல் முட்டு மரம் விழுந்து அழுத்திக்கொண்டதாம். விளக்கு அணைந்துவிட்டது. பக்கத்தில் மாமா இருந்தார், மரத்தை நகர்த்த முடியவில்லை. வேலு சொன்னாராம், "தூங்கிடாத பாலா. எதுனா பேசிகினே இரு. உன் குரல் கேக்குற வரைக்கும் நான் கீறேன்" என்று. மாமா பேசிக்கொண்டே இருந்தார். என்னென்னவோ பேசினார். உள்ளே காற்று கெட்டுக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் அவர் தூங்கிவிட்டார். எழுந்து கூப்பிட்டபோது வேலு பதில் சொல்லவில்லை.

மாமா இதை யாரிடமும் சொல்லவில்லை, இல்லையா? உன்னிடம்கூட. விசாகா ஒரு நாள், "ஏன் நைனா படுக்க மாட்டேன்ற?" என்று கேட்டதற்கு அவளிடம் சொல்லியிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளையிடம். அவள் அதற்கு என்ன செய்ய முடியும்? "நீ தூங்கு நைனா, நான் பேசிகினு கீறேன்" என்றிருக்கிறாள். கதை தெரியாது, பேச ஒன்றும் தெரியாது, அதனால் வாய்ப்பாடு. அன்றையிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் ஓடிவந்து அதைத்தான் செய்திருக்கிறாள். நீ வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் அக்கா அது. இப்போது இங்கேயும் அதே நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், இங்கேயிருந்து சொன்னால் அங்கே எட்டும் என்பதுபோல. அதற்கு நாங்கள் மதிப்பெண் போட்டோம்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பிள்ளையை அந்த வேலையிலிருந்து எடுக்கச் சொன்னேன். வேலையை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கவில்லை" என்றார்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் அங்கேயே இருக்கட்டும். மாமாவுக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது.

சித்தார்த்தன்


ஸ்கெலட்டன்
7 நவம்பர் 1968

தம்பிக்கு,

கூட்டி வராதே.

நீ அழைத்தபோது முதலில் நான் வேண்டாம் என்றேன். இப்போது நீ திருப்பிக் கொடுக்கிறாய், அதற்கும் வேண்டாம் என்கிறேன். முரண்டு பிடிக்கிறேன் என்று நினைக்காதே. அவள் வந்தால் நாளைக்கே அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவரும் தூங்குவார். எல்லாம் நன்றாக நடப்பதாக நான் மறுபடியும் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அவள் பெரியவளாகிறவரை அப்படியே போகும்.

அவரிடம் சொன்னேன். "சொல்லிட்டாளா" என்றார். கோபம் இல்லை. ஏதோ ஒரு பாரத்தை யாரோ கீழே வைத்துவிட்டதுபோல் தோளைத் தொங்கவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

உண்மைதான். கேட்கவில்லை.

"அவள அனுப்பிடுன்னு நீங்கதானே சொன்னீங்க. தூக்கம் போயிடும்னு தெரியாதா?"

"தெரியும். அந்தப் பட்டணத்து டாக்டரம்மா சொன்னத நீ படிச்சியே, பெரிய ஆள் வேலைன்னு. அப்பதான் எனக்கு சுரீர்னு ஆச்சு. நான் தூங்கி எழுந்து பாப்பேன், தொண்ட கட்டிப் போயிருக்கும் அவளுக்கு. அப்பவும் நிறுத்தாம சொல்லிகினு இருப்பா."

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வருகிறேன். அவரைப் படுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. "வேணாம் சுலோ, நீ தூங்கிடுவ" என்றார். எனக்கு வாய்ப்பாடு சொல்ல வரவில்லை, அது அவளுடையது. அதனால் கேட்டில் நின்றதைச் சொன்னேன். அவர் நடந்து வந்ததும் நான் பார்வதம்மா கையை விடாமல் நின்றதையும், உள்ளே ஒன்றுமே தோன்றாததையும் சொன்னேன். கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார். தூங்கவில்லை. கடைசியில், "எனக்கும் ஒண்ணும் தோணல. மேல வந்ததும் வெயிலு மட்டும் கண்ண கூசிச்சு" என்றார்.

இத்தனை நாளில் நாங்கள் பேசிக்கொண்டது அதுதான்.

அவர் ஒரு தடவை விசாகாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறார். தனியாகத்தான் வருவேன் என்கிறார். வண்டியில் தூங்கி ஸ்டேஷனைத் தவறவிடுவார் என்று பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார்.

சுலோச்சனா


பெங்களூர்
18 நவம்பர் 1968

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். ரயிலேற்றிவிட்டது நான்தான். அவர் உன்னிடம் சொல்ல மாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன்.

அவரைப் பார்த்ததும் விசாகா ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் எப்படி இருக்கிறது என்று நாங்கள் நோயாளியைப் பார்ப்போமே, அப்படி.

"தூங்கறது இல்லியா நைனா?"

"தூங்கறேனே. உங்கம்மா கூட கீறா இல்ல?"

"அம்மா பேசுமா?"

"பேசறா."

"இன்னா பேசும்?"

மாமா கொஞ்சம் தடுமாறினார். "எல்லாந்தான். ஸ்கூலு, பார்வதம்மா, எல்லாம்."

அவள் நம்பவில்லை. மாலாவுக்குத் தட்டு எடுத்து வைக்கப் போய்விட்டாள். சாப்பாடு முடிந்தது. மாமா முன்னறையில் தானே பாயை விரித்தார். "இப்ப பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எதிரில் நாற்காலியில் இருந்தேன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். பாதி வருவதற்குள் மாமாவின் மூச்சு நிதானமாகிவிட்டது. மெல்லிய குறட்டை வந்தது. அவள் சட்டென்று வாயை மூடினாள். வேண்டுமென்றேதான். நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்தாள். குறட்டை நிற்கவில்லை. குனிந்து மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி பார்த்தாள். வெளியே வீட்டுக்காரர் பெண்கள் கயிறு தாண்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே போய்விட்டாள்.

சத்தம் கொஞ்சம் எட்டிப் போனதும் மாமா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"போய்ட்டாளா?"

"போய்ட்டா மாமா" என்றேன்.

"ஆடறாளா?"

எழுந்து ஜன்னலில் பார்த்தேன். அவளுடைய முறை வரவில்லை, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ முனையை வாங்கிக்கொண்டார்கள். தாண்டினாள். தடுக்கியது. மறுபடி தாண்டினாள். "ஆடறா" என்றேன்.

"எழுந்து உட்காருங்க மாமா. அவ வர்றதுக்கு நேரமாவும்."

"வேணாம். நடுவுல வந்து எட்டிப் பாப்பா."

பார்த்தாள். இரண்டு தடவை வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவள் வரும் சத்தம் கேட்டதும் மாமா குறட்டை விட்டார். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். இருட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் உள்ளே கூப்பிடுகிறவரை மாமா அந்தப் பாயில் அப்படியே படுத்துக் கிடந்தார். ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை, எனக்குத் தெரியும். இமை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சுவரோரம் உட்காரவில்லை. இன்றைக்கும் கயிறு தாண்டப் போயிருக்கிறாள்.

டாக்டரம்மா இதையெல்லாம் கேட்டார். இதை அறிக்கையில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். நானும் இன்னும் எழுதவில்லை.

சித்தார்த்தன்


ஸ்கெலட்டன்
1 டிசம்பர் 1968

தம்பி சித்தார்த்தனுக்கு,

அவர் வந்து சேர்ந்தார். பெங்களூரில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "பாப்பா நல்லா கீறா" என்பதோடு நிறுத்திவிட்டார். மீதியை உன் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததை அவரிடம் சொல்லவில்லை.

விசாகா ஏப்ரல் பரீட்சை முடிந்து வரட்டும். டிசம்பர் லீவுக்கு நான் வந்து பார்க்கிறேன். அவளுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுகிறேன், இதுவரை எழுதியதே இல்லை.

சுந்தரராஜ் மேஸ்திரி அவரை அறுக்கும் இடத்திலிருந்து மாற்றி, வரும் மரத்துக்கு நம்பர் போடும் வேலையில் வைத்திருக்கிறார். அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை. போன வாரம் அவராகவே பார்வதம்மா வீட்டுக்குப் போனார். வேலு கடைசியாகச் சொன்னதை அவளிடம் சொன்னார். நான் வாசலில் நின்றேன். பார்வதம்மா அழவில்லை. "இன்னா பேசிகினு இருந்தீங்க அவருகிட்ட?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

நான் தினமும் பக்கத்தில் உட்காருகிறேன். பேச விஷயம் தேட வேண்டியிருந்தது முதலில். இப்போது பள்ளியில் நடப்பதில் ஒன்றிரண்டை மனதில் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறேன். அவர் "ம்" சொல்லிக்கொண்டிருப்பார். நான் சற்று நிறுத்தினால் கண் திறந்துவிடும்.

நேற்று எங்கள் ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் "ம்" வராதது தெரிந்தது. மூச்சு நிதானமாக இருந்தது. நிஜமாகவே தூங்கினாரா, விசாகாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்தாரா, தெரியவில்லை. குனிந்து பார்க்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை.

அக்கா
சுலோச்சனா